ஒரு கொண்டை ஊசியின் கதை

ஸ்கூல் கணக்கு நோட்டில் நீங்கள் போட்ட குறிதான். ஒரு முனையில் ஒட்டிக்கொண்டு, மறுமுனையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்குமே, அந்த இரண்டு கோடுகள். ஒரு பக்கம் பிளந்திருந்தால் பெரியது. மறுபக்கம் பிளந்திருந்தால் சிறியது. அவ்வளவுதான் நமக்கும் அதற்கும் இருந்த உறவு.

அதே இரண்டு கோடுகளைக் கொஞ்சம் இழுத்து நீட்டி, மேற்கத்திய இசை எழுதும் ஐந்து கோடுகளுக்குக் கீழே போட்டுப் பாருங்கள். அர்த்தமே மாறிவிடும். கூர்முனையில் ஆரம்பித்து வலப்பக்கம் விரிந்தால், ‘சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று’ என்று பொருள். விரிந்த பக்கம் ஆரம்பித்து வலப்பக்கம் கூர்மையானால், ‘கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு’. முதலாவதற்குப் பெயர் கிரெஷெண்டோ. இரண்டாவதற்கு டிமினுவெண்டோ. இரண்டுமே இத்தாலிய வார்த்தைகள்.

கோடுகளுக்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயர்தான் வேடிக்கை. ஹேர்பின். ஆமாம், கொண்டை ஊசி! கொல்லிமலை ரோட்டில் பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்புகிறதே, அந்தக் கொண்டை ஊசி வளைவுக்குப் பெயர் கொடுத்த அதே ஊசி. ஜெர்மன்காரர்கள் கண்ணுக்கு அது முள்கரண்டியாகத் தெரிந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்குத் துருத்தி. காற்றை வாங்கி விரிந்து, ஊதி ஒடுங்கும் துருத்தி. என் ஓட்டு துருத்திக்குத்தான். ஆனால் உலகம் கொண்டை ஊசியிலேயே நின்றுவிட்டது.

இன்றைக்கு இந்த ஊசி கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. இசை எழுதுகிற சாஃப்ட்வேர்களில் ஒரு கீயைத் தட்டினால் வந்து நின்றுவிடும். வரவழைப்பது சுலபம். சொன்ன இடத்தில் நிற்க வைப்பதும், நினைத்த அர்த்தத்தைச் சொல்ல வைப்பதும்தான் பெரும்பாடு. ‘இரண்டு கோடு போடுவதில் என்னய்யா பெரும்பாடு?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல நானூறு வருஷம் பின்னால் போக வேண்டும். போவோமா?

*

1597. வெனிஸ் நகரம். அங்குள்ள செயின்ட் மார்க் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர் ஜியோவன்னி கேப்ரியெலி. இரண்டு வாத்தியக் கோஷ்டிகளுக்காக அவர் எழுதிய ஓர் இசை அந்த வருஷம் அச்சில் வந்தது. ஒரு கோஷ்டி தனியாக வாசிக்கும் இடங்களில் ‘மெதுவாக’ என்றும், இரண்டும் சேர்ந்து வாசிக்கும் இடங்களில் ‘பலமாக’ என்றும் குறித்திருந்தார். இத்தாலியில் சொன்னால் பியானோ, ஃபோர்ட்டே. எவ்வளவு சத்தமாக வாசிக்க வேண்டும் என்பதை அச்சில் சொன்ன ஆரம்பகால உதாரணங்களில் இது ரொம்பப் பிரபலம்.

ஆனால் கவனியுங்கள். இது படிக்கட்டு. ஒன்று மேல் படி, அல்லது கீழ்ப் படி. நடுவே சறுக்குப்பாதை கிடையாது.

அப்படியானால் அந்தக் காலத்து மனுஷர்களுக்குச் சத்தத்தைப் படிப்படியாக ஏற்றத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, மெல்ல ஆரம்பித்து, ஊதிப் பெருக்கி, மறுபடி ஒடுக்கி முடிப்பது இத்தாலியப் பாடகர்களின் சொத்து. அதற்கு மெஸ்ஸா டி வோச்சே என்று பெயர். குரலை வளர்த்துத் தேய்ப்பது பற்றி 1602-ல் வெளியான தன் புத்தகத்தின் முன்னுரையிலேயே கச்சீனி என்ற பாடகர் பேசியிருக்கிறார். வித்தை இருந்தது. அதை எழுதிக் காட்டக் குறிதான் இல்லை. குருவிடம் கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். இந்த விஷயம் நமக்குப் புதிதா என்ன?

இன்னொரு சிக்கலும் இருந்தது. அப்போதைய முக்கியமான வாத்தியமான ஹார்ப்சிகார்டில் கட்டையை நீங்கள் தடவினாலும் சரி, ஓங்கிக் குத்தினாலும் சரி, சத்தம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். உள்ளே ஒரு சின்ன இறகுமுனை தந்தியைச் சுண்டிவிடும். சுண்டல் என்றால் சுண்டல்தான். அதில் பெரிசு சின்னது கிடையாது.

இதை மாற்றியவர் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில், மெடிச்சி குடும்பத்து அரண்மனையின் வாத்தியங்களைப் பராமரித்தவர். சுண்டுவதற்குப் பதிலாகச் சின்னச் சுத்தியலால் தந்தியை அடிக்கும் கருவியைச் செய்தார். 1700-ஆம் வருஷத்து அரண்மனைச் சாமான் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது, ‘மெதுவாகவும் பலமாகவும் ஒலிப்பது’ என்ற அடையாளத்தோடு. மெதுவாகத் தட்டினால் மெதுவாக, பலமாகத் தட்டினால் பலமாக. பியானோஃபோர்ட்டே என்று ஆன அந்தப் பெயரில் பிற்பாடு வாலை நறுக்கிவிட்டார்கள். ஊரையே அதிர வைக்கும் வாத்தியத்துக்கு ‘மெதுவாக’ என்று பெயர் வந்தது இப்படித்தான்.

இப்போது 1712-க்கு வாருங்கள். ஒரே வருஷத்தில் இரண்டு விஷயங்கள்.

லண்டனில், லண்டன் பிரிட்ஜ் பக்கத்து செயின்ட் மேக்னஸ் தேவாலயத்தில் ஏப்ரஹாம் ஜோர்டன் புது மாதிரி ஆர்கன் ஒன்றை நிறுவினார். சில குழல்களைப் பெட்டிக்குள் அடைத்து, பெட்டியின் கதவைக் காலால் திறந்து மூட வழி செய்திருந்தார். கதவு திறக்கத் திறக்கச் சத்தம் பெருகும். மூட மூட ஒடுங்கும்.

அதே 1712-ல் பாரிஸில், பியானி என்ற இத்தாலிய வயலின்காரரின் ஸொனாட்டாக்கள் அச்சாகின. வயலினில் ஒரு சுரத்தை எங்கே பெருக்க வேண்டும், எங்கே ஒடுக்க வேண்டும் என்று காட்ட அதில் ஒரு குறி இருந்தது. நீளமான, கறுப்பு மை நிரப்பிய முக்கோணம். பார்த்தால் தச்சர் வைத்திருக்கும் ஆப்பு மாதிரி இருக்கும். நம்ம கொண்டை ஊசியின் தாத்தா இவர்தான். இந்த ஆப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வரும்.

லண்டனில் குடியேறிய ஜெமினியானி, 1751-ல் வெளியிட்ட வயலின் பாடப்புத்தகத்தில் சத்தத்தைப் பெருக்குவதையும் ஒடுக்குவதையும் தனித்தனிக் குறிகளோடு பாடமாகவே வைத்துவிட்டார். போகப்போக முக்கோணத்தின் உள்ளே இருந்த கறுப்பு போனது. பின்பக்கத்துச் சுவரும் போனது. மிஞ்சியது இரண்டே கோடு.

*

ஒரு வயலின் செய்தால் அழகு. அதையே ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா சேர்ந்து செய்தால்?

நிக்கொலோ யொமெல்லி என்றொரு இத்தாலிய ஓபரா ஆசாமி. அவர் ரோமில் முதன்முதலாக ஆர்கெஸ்ட்ராவை இப்படி ஏற்றிக் காட்டியபோது, சத்தம் ஏற ஏறக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்களை அறியாமலே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்களாம். சத்தம் இறங்க ஆரம்பித்த பிறகுதான், இவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பதே அவர்களுக்கு உறைத்ததாம். ரைஷார்ட் என்ற ஜெர்மானிய இசைக்காரர் 1774-ல் பதிவுசெய்த கதை இது. அவரும் காதில் விழுந்ததாகத்தான் சொல்கிறார். கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்ட அனுபவம் மன்ஹைம் நகரத்தில் தனக்கே நேர்ந்தது என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

மன்ஹைம், ஜெர்மனியில் கார்ல் தியோடர் என்ற சிற்றரசரின் தலைநகரம். மனுஷருக்கு இசைப் பைத்தியம். ஐரோப்பாவின் தேர்ந்த வித்வான்களைக் கூட்டிவந்து சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருந்தார். யோஹன் ஷ்டாமிட்ஸ் தலைமையில் அந்த ஆர்கெஸ்ட்ரா பழகிய பழக்கத்தில், அத்தனை பேரும் ஒரே ஆளாகச் சத்தத்தை ஏற்றி இறக்குவார்கள். ‘மன்ஹைம் கிரெஷெண்டோ’ என்று இன்றும் இசைப் புத்தகங்களில் அதற்குப் பெயர். 

இங்கேதான் குறி அத்தியாவசியமாகிறது. தனி ஆள் தன் மனசுக்குப்படி ஏற்றிக்கொள்ளலாம். நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து ஏற்ற வேண்டுமென்றால், எல்லாரும் ஒரே இடத்தில் ஆரம்பித்து ஒரே இடத்தில் முடிக்க வேண்டும். ஒருவர் இரண்டு சுரம் முந்திக்கொண்டாலும் சொதப்பல்தான். ஆக, ஒவ்வொருவர் முன்னால் இருக்கும் பேப்பரிலும் ஊசி அதே இடத்தில் குத்தியாக வேண்டும்.

அடுத்த தலைமுறையில் ரொஸ்ஸீனி இதை வைத்தே கொடி நாட்டினார். 1816-ல் அரங்கேறிய ‘செவில் நகரத்து நாவிதர்’ ஓபராவில் வதந்தி எப்படிப் பரவுகிறது என்று ஒரு பாட்டு. கிசுகிசுப்பாக ஆரம்பித்துப் பீரங்கிச் சத்தத்தில் முடியும். மனுஷருக்கு ‘மிஸ்டர் கிரெஷெண்டோ’ என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது.

*

இப்போது கதையின் சோகமான பகுதி.

1828, நவம்பர் 19. வியன்னாவில் ஃப்ரான்ஸ் ஷூபர்ட் இறந்துபோகிறார். வயசு 31. எழுதிக் குவித்த பேப்பர்களில் பெரும்பகுதி அச்சாகவே இல்லை. பத்து வருஷம் கழித்து, 1839 புத்தாண்டு சமயத்தில், ராபர்ட் ஷூமன் வியன்னாவில் ஷூபர்ட்டின் அண்ணன் வீட்டுக்குப் போகிறார். அங்கே கிடந்த கையெழுத்துப் பிரதிகளுக்கு நடுவே ஒரு பிரம்மாண்டமான ஸிம்பொனி. சி மேஜர் சுருதியில், ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடக்கூடியது. அலறியடித்துக்கொண்டு லைப்சிக் நகரத்துக்கு அனுப்புகிறார். அங்கே 1839 மார்ச் 21-ஆம் தேதி மெண்டல்ஸன் அதை அரங்கேற்றுகிறார். ‘பெரிய சி மேஜர்’ என்று இன்று உலகம் கொண்டாடுவது அதைத்தான்.

அந்த ஸிம்பொனியின் கடைசி சுரத்துக்கு வாருங்கள். முழு ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து முழங்கும் ஒற்றைச் சுரம். அதன் கிட்டே ஷூபர்ட் தன் கையால் ஒரு குறி போட்டிருக்கிறார். இதுதான் அந்தக் குறி: >

என்ன அர்த்தம்? இங்கேதான் சிக்கல். இதே குறி சின்னதாக இருந்தால் ஆக்ஸெண்ட். ‘இந்தச் சுரத்தை அழுத்தி அடி’ என்று பொருள். நீளமாக இருந்தால் டிமினுவெண்டோ. ‘சத்தத்தைத் தேய்த்து முடி’ என்று பொருள். இரண்டும் நேர் எதிர். நம்ம ஷூபர்ட் வேகமாக எழுதுகிறவர். உற்சாகம் வந்தால் ஆக்ஸெண்டே அரை அடி நீளத்துக்கு ஓடும். எது சின்னது, எது நீளம் என்று யார் சொல்வது? சொல்லக்கூடிய ஒரே ஆள் 31 வயசில் போய்ச்சேர்ந்துவிட்டார்.

நீளம் என்று படித்தவர்கள் அந்தக் கடைசி சுரத்தை மெல்லத் தேய வைத்து முடித்தார்கள். ஒரு மணி நேரம் ஆர்ப்பரித்த ஸிம்பொனி, பெருமூச்சோடு அடங்கும். சின்னது என்று படித்தவர்கள் ஓங்கி அடித்து முடித்தார்கள். வெற்றி முழக்கம்! கடைசியில் ஜெயித்தோமா, களைத்து விழுந்தோமா? ஒரு ஸிம்பொனியின் மொத்த முடிவும் ஒரு கோட்டின் நீளத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. முழு இசையின் வேகத்தைப் பார்த்தால் ஆக்ஸெண்ட்தான் பொருத்தம் என்பது இன்று பெரும்பாலான ஆராய்ச்சியாளர்களின் கட்சி. ஆனாலும் தேய்த்து முடிக்கும் பதிவுகளும் இருக்கத்தான் செய்கின்றன. 

அச்சுக்கூடத்துக்காரர்கள் பாடு இன்னும் மோசம். அந்தக் காலத்தில் இசையை அச்சடிக்க ஈயமும் தகரமும் கலந்த தட்டில், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகச் செதுக்குவார்கள். சுரங்களின் தலைக்கும் எழுத்துகளுக்கும் உளி அச்சு உண்டு. ஒரு தட்டு, முடிந்தது. கொண்டை ஊசிக்கு அப்படி ரெடிமேட் அச்சு கிடையாது. ஒவ்வொன்றும் வேறு வேறு நீளம் அல்லவா? கையால்தான் கோடு இழுத்துச் செதுக்க வேண்டும். கையெழுத்துப் பிரதியில் குறி எவ்வளவு நீளம் என்று செதுக்குகிறவர்தான் தீர்மானிப்பார். ஷூபர்ட் போட்டது ஆக்ஸெண்டா, டிமினுவெண்டோவா என்று லைப்சிக்கில் ஒரு தொழிலாளி கண்ணைச் சுருக்கிப் பார்த்து முடிவு செய்திருப்பார். அவர் முடிவுதான் உலகத்தின் முடிவு.

பின்னாளில் ஷூபர்ட்டின் ஸிம்பொனிகளைப் பரிசோதித்துப் பதிப்பித்தவர் யார் தெரியுமா? சாட்சாத் யோஹனஸ் பிராம்ஸ். அவருடைய கொண்டை ஊசிகளே தனி ரகம். பியானோவில் ஒரு சுரத்தை அடித்துவிட்டால் அது தேயத்தான் செய்யும். அடித்த பிறகு அதைப் பெருக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. ஆனால் பிராம்ஸும் ஷூமனும் பிடித்து நிறுத்திய ஒரே சுரத்தின் மேல்கூட விரிந்து ஒடுங்கும் இரட்டை ஊசியைப் போட்டிருக்கிறார்கள்! தெரியாமல் போட்டதா? பிராம்ஸ் வாசித்துக் கேட்டவரான ஃபேனி டேவிஸ் என்ற பியானோ கலைஞர் இதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார். அந்தக் குறி வந்தால் பிராம்ஸ் சத்தத்தை மட்டும் கவனிக்க மாட்டாராம். தாளத்தையும் கொஞ்சம் நெகிழவிட்டு, பிரிய மனசில்லாதவர்போல, ஒரு சுரத்தில் மட்டுமல்ல, அந்த இசைக் கருத்து முழுவதிலுமே தங்குவாராம்.

ஆக, ஊசி என்பது வெறும் ‘சத்தம் கூட்டு, குறை’ அல்ல. சில சமயம் அது ‘இங்கே மனசை வை’.

இப்போது யோசியுங்கள். இந்த விஷயத்தைக் கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்?

*

சொல்லிக்கொடுக்க முயன்ற முதல் ஆட்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்த லீலண்ட் ஸ்மித். எழுபதுகளின் ஆரம்பத்தில், அறையை அடைத்துக்கொள்ளும் பெரிய கம்ப்யூட்டரில் ‘ஸ்கோர்’ என்ற புரோகிராமை ஆரம்பித்தார். 1988-ல் ஃபில் ஃபேரண்ட் எழுதிய ‘ஃபினாலே’ வந்தது. 1993-ல் இங்கிலாந்தின் ஃபின் சகோதரர்கள், இரட்டையர்கள், ‘சிபேலியஸ்’ என்ற சாஃப்ட்வேரை வெளியிட்டார்கள். 1996-ல் நெதர்லாந்தில் ‘லில்லிபாண்ட்’ பிறந்தது. 2002-ல் ஜெர்மனியின் வெர்னர் ஷ்வீர் தொடங்கிய ‘மியூஸ்ஸ்கோர்’ இன்றும் இலவசம். சிபேலியஸின் லண்டன் ஆபீஸை 2012-ல் இழுத்து மூடியபோது வெளியே வந்த குழுவை ஸ்டைன்பெர்க் கம்பெனி வளைத்துப்போட, 2016-ல் ‘டோரிகோ’ வந்தது.

இவர்கள் எல்லாரும் முட்டிக்கொண்ட இடங்களில் ஒன்று, நம்ம இரண்டு கோடு.

முதல் பிரச்னை, ஊசியை எதில் குத்துவது? பேப்பரிலா, நேரத்திலா? நீங்கள் மௌஸால் இழுத்து ஊசியைப் பக்கத்தில் ஓரிடத்தில் வைக்கிறீர்கள். அழகாக இருக்கிறது. பிறகு முன்னால் இரண்டு வரி இசை சேர்க்கிறீர்கள். சுரங்கள் எல்லாம் நகர்ந்து அடுத்த பக்கம் போய்விடுகின்றன. ஊசி மட்டும் பழைய இடத்திலேயே அநாதையாக நின்றால்? அல்லது நகர்ந்து போய் யாரோ ஒரு சம்பந்தமில்லாத சுரத்துக்குக் கீழே உட்கார்ந்தால்? அதனால் நல்ல சாஃப்ட்வேரில் ஊசியின் இரண்டு முனைகளும் சுரத்தோடும் தாளத்தோடும் கட்டப்பட்டிருக்கும். சுரம் நகர்ந்தால் ஊசியும் கூடவே போகும். மியூஸ்ஸ்கோரில் முதலில் சுரங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு கணக்கு நோட்டின் < குறியையே தட்டச் சொல்வது இதற்காகத்தான். சும்மா இழுத்துவிடுவதற்கும் இதற்கும், கயிறில்லாத மாட்டுக்கும் கட்டிய மாட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டாவது பிரச்னை, எங்கே முடிப்பது? இதில் பீத்தோவன் ஒரு வில்லங்கம். சத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், ‘இதோ வெடிக்கப்போகிறது’ என்று நீங்கள் காத்திருக்கும்போது, அடுத்த சுரத்தில் சட்டென்று ‘மெதுவாக’ என்று எழுதுவார். அவருடைய முத்திரையே அது. அங்கே ஊசி, மெதுவான சுரத்துக்கு முந்தைய சுரம்வரை விரிந்து நின்றுவிட வேண்டும். ஒரு சுரம் முன்னாடியே முடிந்துவிட்டால் வாசிப்பவர் அந்த இடைவெளியில் தயங்கி இறங்க ஆரம்பிப்பார். பீத்தோவனின் அதிர்ச்சி வைத்தியம் புஸ்வாணமாகிவிடும். அரை சென்டிமீட்டர் விவகாரம்!

மூன்றாவது, வரி மாறும் இடம். ஊசி ஒரு வரியில் ஆரம்பித்து அடுத்த வரியில் முடிகிறது என்றால் இரண்டு துண்டாக வெட்ட வேண்டும். ஏறும் ஊசியின் இரண்டாவது துண்டு, மறுபடி கூர்முனையில் ஆரம்பிக்கக் கூடாது. ஏற்கெனவே கொஞ்சம் விரிந்த வாயோடு ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘ஓஹோ, புதுசாக ஏற்ற வேண்டும்போல’ என்று வாசிப்பவர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஏறுவார். செதுக்குகிற தொழிலாளிக்குக் கைப்பழக்கத்தில் இருந்த ஞானம் இது. புரோகிராம் எழுதுகிறவர் ஒவ்வொன்றாக விதியாக எழுத வேண்டியிருந்தது.

நாலாவதுதான் ரொம்ப சுவாரஸ்யம். கம்ப்யூட்டர் அந்த இசையை வாசித்துக் காட்டவும் வேண்டுமே?

1983-ல் வந்த மிடி என்ற ஏற்பாட்டில், ஒரு கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். மியூஸ்ஸ்கோரில் ‘பியானோ’ என்ற மெதுவுக்கு 49. ‘ஃபோர்ட்டே’ என்ற பலத்துக்கு 96. நடுவே ஒரு ஊசி, எட்டுச் சுரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, சுரத்துக்கு ஏறக்குறைய ஆறு ஆறாக ஏற்றும். பிரமாதம். ஆனால் எட்டுச் சுரத்துக்குப் பதில் வயலினில் ஒரே நீண்ட சுரம் என்றால்? ஆரம்பத்தில் கொடுத்த எண்தான் கடைசிவரை. ஊசி பேப்பரில் இருக்கும், காதில் விழாது. ஒரே சுரத்துக்குள் சத்தத்தைப் பெருக்க வேறொரு தனிக் கட்டுப்பாடு வேண்டும். மியூஸ்ஸ்கோரில் அது 2019-ல்தான் ஒழுங்காக வந்தது. 1712-ல் பியானியின் வயலின் செய்ததைச் செய்ய, கம்ப்யூட்டருக்கு அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது!

அப்புறம் எவ்வளவு ஏற்றுவது? ஊசி அதைச் சொல்வதே இல்லை, கவனித்தீர்களா? எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, எந்தத் திசை. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். முடிவில் எந்த அளவு என்று எழுத்தில் குறிக்காவிட்டால், சாஃப்ட்வேர் தானாக ஏதோ ஒரு அளவை வைத்துக்கொள்ளும். அதுவும் சீராக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஏற்றும். மனுஷர்கள் அப்படி ஏற்றுவதில்லை. ஹான்ஸ் வான் பியூலோவ் என்ற பழைய ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் பெயரில் ஒரு பாடம் உலவுகிறது. ‘ஏற்று’ என்று எழுதியிருந்தால் ‘இப்போது மெதுவாக இரு’ என்று அர்த்தம். ‘இறக்கு’ என்றிருந்தால் ‘இப்போது பலமாக இரு’ என்று அர்த்தம். குழப்புகிறதா? யோசித்தால் புரியும். ஊசியைப் பார்த்ததுமே எல்லாரும் கத்த ஆரம்பித்துவிட்டால், ஏறுவதற்கு இடம் எங்கே மிஞ்சும்? முதலில் அடக்கி வாசிக்கிறவனால்தான் பிறகு ஏற முடியும். அதனால்தான் மியூஸ்ஸ்கோரில், ஏற்றம் நேர்கோட்டில் போக வேண்டுமா, முதலில் தயங்கிப் பிறகு பாய வேண்டுமா என்று கேட்டுத் தீர்மானிக்க வசதி வைத்திருக்கிறார்கள்.

*

நம்ம ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பவர்களுக்கு: சென்னை சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வாசித்தவர்கள் முன்னால் இருந்ததும் இதே ஐந்து கோட்டுப் பேப்பர்தான். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் அந்தப் பாஷையைக் கற்ற இளையராஜாவின் ‘வேலியண்ட்’ ஸிம்பொனி, 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் அரங்கேறியது. வாசித்த வெள்ளைக்காரர்களுக்குப் பண்ணைப்புரமும் தெரியாது, தமிழும் தெரியாது. அவர் மனசில் எழுந்து அடங்கிய ஒவ்வொரு அலையும் பேப்பர் வழியாகத்தான் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். எழுதுகிறவர் ஒவ்வொரு நாற்காலிக்கும் போய், ‘தம்பி, இங்கே கொஞ்சம் பெருக்கு’ என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

அதனால்தான் ஊசி விஷயத்தில் கறார் தேவைப்படுகிறது. சாஃப்ட்வேரில் இசை எழுதும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் மூன்றே விஷயம் சொல்லிவையுங்கள். ஊசியைச் சுரத்தில் கட்டு, பேப்பரில் ஒட்டாதே. ஊசியின் இரண்டு முனையிலும் எந்த அளவு என்று எழுது. கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டுவதைக் கேட்டு ஏமாறாதே. அது கணக்கு, வாசிப்பு அல்ல.

ஒரு விஷயத்தில் சாஃப்ட்வேர் ஷூபர்ட்டைவிடக் கண்டிப்பு. திரையில் ஆக்ஸெண்டும் டிமினுவெண்டோவும் ஒரே மாதிரி இருந்தாலும், உள்ளே இரண்டும் வேறு ஜாதி. ஒன்று, ஒரு சுரத்தின் தலையில் உட்காருவது. மற்றது, ஒரு நேரத்தில் ஆரம்பித்து இன்னொரு நேரத்தில் முடிவது. எது வேண்டும் என்று சொல்லாமல் குறியே போட முடியாது. ஷூபர்ட் இன்று எழுதியிருந்தால், அந்தக் கடைசி சுரத்தில் சாஃப்ட்வேர் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, ‘அடிக்கணுமா, தேயணுமா? ஒன்று சொல்லிவிட்டுப் போங்கள்’ என்று கேட்டிருக்கும். இத்தனை வருஷத்துத் தகராறு ஒரு கீயில் முடிந்திருக்கும்.

ஆனால் அதே சாஃப்ட்வேர் பிராம்ஸிடம் தோற்றுவிடும். பிடித்து நிறுத்திய சுரத்தின் மேல் அவர் போட்ட ஊசியை அது வரைந்துவிடும். அதற்குள் இருந்த ‘பிரிய மனசில்லை’யை எந்த எண்ணாலும் சொல்ல முடியாது. அதை வாசிக்க ஓர் ஆள் வந்துதான் ஆக வேண்டும்.

சாஃப்ட்வேர்களுக்கும் ஆயுசு உண்டு. முப்பத்தாறு வருஷம் கோலோச்சிய ஃபினாலேவுக்கு 2024 ஆகஸ்டில் மூடுவிழா அறிவித்தார்கள். உலகமெங்கும் அதில் எழுதி வைத்திருந்தவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டு, எழுதியதையெல்லாம் வேறு சாஃப்ட்வேருக்கு மாற்ற ஓடினார்கள். அப்படி மாற்றக் கைகொடுத்தது மியூசிக் எக்ஸ்எம்எல் என்ற பொதுப் பாஷை. மைக்கேல் குட் என்பவர் உருவாக்கி, 2004-ல் முதல் பதிப்பாக வெளியிட்டது. ஒரு சாஃப்ட்வேர் எழுதியதை இன்னொன்று படித்துக்கொள்ள அதில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு பெயர் உண்டு. கொண்டை ஊசிக்கு அதில் கொண்டை ஊசி என்று பெயர் இல்லை.

என்ன பெயர் தெரியுமா? ஆப்பு. 1712-ல் பாரிஸில் பியானி போட்ட அதே ஆப்பு!

அடுத்த முறை ‘பெரிய சி மேஜர்’ எங்கேயாவது கேட்கக் கிடைத்தால், கடைசி சுரம்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருங்கள். அடித்து முடிக்கிறார்களா, தேய்த்து முடிக்கிறார்களா என்று பாருங்கள். முடிந்தால் இரண்டு விதத்தையும் தேடிக் கேளுங்கள். ஷூபர்ட் எதை நினைத்தார் என்று நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லலாம். உங்கள் காதுக்கும் அதில் ஓர் ஓட்டு உண்டு.